கணினிச் சரத்தில் எழுத்தை அணுகுதல்: தமிழிலக்கண அலகுகளும் ‘வாலாஜாபாத்’ என்னும் ஊர்ப்பெயரும்

ஆய்வுச் சுருக்கம்

நிரலாக்கத்தில் ஒரு சரத்தின் குறிப்பிட்ட எழுத்தைச் சுட்டெண் வழியாகப் பெறுவது அடிப்படைச் செயல்களுள் ஒன்று. ஆங்கிலத்தில் இச்செயல் பெரும்பாலும் சிக்கலின்றி நிகழ்கிறது. தமிழில் ‘இரண்டாம் எழுத்து யாது?’ என்று கேட்டால் கணினி தருவது பல வேளைகளில் எழுத்தே அன்று. துணைக்காலாகவோ புள்ளியாகவோ அது அமைந்துவிடுகிறது. இதற்கான காரணத்தை ஒருங்குறியின் அமைப்பிலும், எழுத்து என்பதற்குத் தமிழிலக்கணம் தரும் வெவ்வேறு வரையறைகளிலும் வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. யாப்பு, புணர்ச்சி, தேடல் ஆகிய ஒவ்வொன்றும் வெவ்வேறு அலகை வேண்டுகின்றன என்பதும், அலகைக் குறிப்பிடாமல் தரப்படும் எழுத்துக் கணக்கு சரிபார்க்க இயலாதது என்பதும் இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: சரம், சுட்டெண், ஒருங்குறி, குறியிடம், உயிர்மெய், எதுகை, புணர்ச்சி.

ஓர் ஊர்ப்பெயரும் நான்கு எண்ணிக்கைகளும்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் பாலாற்றங்கரையில் அமைந்த வாலாஜாபாத், ஆர்க்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய ஊர். அப்பெயரில் எத்தனை எழுத்துகள் உள்ளன எனத் தமிழ் கற்ற சிறுவனைக் கேட்டால் வா, லா, ஜா, பா, த் என விரல்விட்டு ஐந்து என்பான். பைத்தான் மொழியில் அதே பெயரின் நீளத்தைக் கேட்டால் 10 என விடை வரும். பைட்டுகளை எண்ணும் பழைய வகைச் செயற்கூறுகள், சரம் யு.டி.எஃப்.-8 முறையில் சேமிக்கப்பட்டிருக்குமாயின், 30 என்னும். ஒலியளவில் பிரித்து நோக்கும் இலக்கண மாணவர் வ்+ஆ+ல்+ஆ+ஜ்+ஆ+ப்+ஆ+த் எனக் கண்டு ஒன்பது என்பார்.

இந்நான்கும் பிழையற்ற விடைகளே. ஒருங்குறியில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரையிலான 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. அவ்விடங்களுள் வகரம் 2997, துணைக்கால் 3006, லகரம் 2994, ஜகரம் 2972, பகரம் 2986, தகரம் 2980, புள்ளி 3021. ஆகவே ‘வா’ என்பது 2997, 3006 என்னும் இரு எண்களின் வரிசை. ‘த்’ என்பது 2980, 3021 என்பவற்றின் வரிசை. இவ்வாறு இடம்பெறும் ஒவ்வோர் எண்ணையும் குறியிடம் எனலாம். தமிழ்க் குறியிடம் ஒவ்வொன்றும் யு.டி.எஃப்.-8 முறையில் மூன்று பைட்டுகளை எடுத்துக்கொள்ளும். பத்துக் குறியிடங்கள் முப்பது பைட்டுகளாவது இதனால்தான்.

பைத்தானில் சுட்டெண் சுழியத்திலிருந்து தொடங்குகிறது. சுழியம் என்னும் சுட்டெண்ணுக்கு ‘வ’ கிடைக்கும், ‘வா’ கிடைக்காது. ஒன்று என்னும் சுட்டெண்ணுக்குத் தனித்த துணைக்கால் கிடைக்கும். ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவற்றிலும் தமிழைப் பொறுத்தவரை இதே நிலைதான். பத்தில் பாதி ஐந்து என்பதால், குறியிடங்களை இரண்டால் வகுத்தால் எழுத்தெண்ணிக்கை கிடைத்துவிடும் என எண்ணிவிடக் கூடாது. இவ்வூர்ப்பெயரில் அது தற்செயல். காஞ்சிபுரம் என்பதில் எழுத்து ஆறு, குறியிடம் பதினொன்று. படகு என்பதில் எழுத்து மூன்று, குறியிடம் நான்கு. அகரமேறிய எழுத்துகள் மட்டுமே வரும் ‘பட’ என்பதில் இரண்டும் ஒன்றே.

காஞ்சிப் பட்டு நெசவோடு இதனை ஒப்பிடலாம். ஜக்கார்டு அட்டையின் ஒரு துளை, ஓர் ஊடை செல்லும்போது இன்ன பாவிழை உயர வேண்டுமா என்பதை மட்டுமே அறிவிக்கும். மாங்காய்ப் புட்டா எந்த ஒரு துளையிலும் இல்லை. துளையை எண்ணிப் புட்டாக்களின் தொகையைக் கூற எந்த நெசவாளரும் முயலார். கணினித் தமிழில் அம்முயற்சி அன்றாடம் நிகழ்கிறது.

குறிமுறைகளின் வழி

இந்நிலை ஒருங்குறியால் மட்டும் வந்ததன்று. 1988இல் வகுக்கப்பட்ட இந்தியத் தரக் குறிமுறையான இஸ்கி, இந்திய எழுத்துகள் அனைத்தையும் ஒரே சட்டகத்தில் வைத்தது. அகரமேறிய மெய்யை அடிப்படையாகவும் உயிர்க்குறிகளைத் துணையாகவும் கொண்டது. 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பு அச்சட்டகத்தையே பின்பற்றியது. இடைக்காலத்தில் தமிழர் பயன்படுத்திய திஸ்கியும், 1999ஆம் ஆண்டு சென்னை தமிழிணைய மாநாட்டையொட்டி வந்த தாம், தாப் குறிமுறைகளும் அச்சில் தோன்றும் வடிவத்தையே பெரிதும் சார்ந்தவை. அவற்றில் ‘கொ’ என்பது ஒற்றைக்கொம்பு, ககரம், கால் எனக் கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலேயே சேமிக்கப்பட்டது. அங்கு முதற்குறியைக் கேட்டால் கொம்புதான் கிடைக்கும். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களும் திஸ்கியில் வந்து, பின்னரே ஒருங்குறிக்கு மாறின.

2010 ஜூனில் தமிழ்நாடு அரசு ஒருங்குறியோடு டேஸ்-16 என்னும் அனைத்தெழுத்துக் குறிமுறையையும் தரமாக ஏற்றது. டேஸ்-16இல் ஒவ்வோர் உயிர்மெய்க்கும் மெய்க்கும் தனித்தனி இடம் உண்டு. அதில் வாலாஜாபாத் ஐந்தே குறியிடங்களில் அடங்கும். இரண்டாம் குறியிடம் ‘லா’வேயாகும். எழுத்தணுகல் என்னும் ஒரு நோக்கில் அது சிறந்த ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் அமைந்தது. அப்பகுதியின் எண்களுக்கு உலகப் பொதுவான பொருள் இல்லாமையால், டேஸ்-16 அறியாத செயலியில் அப்பனுவல் வெறுங்கட்டங்களாகிவிடும். குறிமுறையை மாற்றுவதைவிட, குறிமுறைக்கு மேல் எழுத்தை உணரும் ஓர் அடுக்கை நிரலில் அமைப்பதே நடைமுறைக்கு ஒத்துவருகிறது.

சேமிக்கப்படாத அகரம்

தொல்காப்பியம் எழுத்துகளை முப்பது எனக் கொண்டு, குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம் ஆகிய மூன்றையும் சார்ந்துவருவனவாகச் சேர்க்கிறது. உயிர்மெய் அத்தொகையில் இடம்பெறவில்லை. நன்னூல் உயிர்மெய்யைப் பத்துவகைச் சார்பெழுத்துகளுள் ஒன்றாக்குகிறது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 எனக் கூட்டி 247 என்பது இன்றைய பள்ளி வழக்கு. எழுத்து எத்தனை என்னும் வினாவுக்கு இலக்கண மரபிலேயே ஒரே விடை இருந்ததில்லை என்பது கருதத்தக்கது. ஒலியனை எண்ணுவோர்க்கு ஒரு தொகை. வரிவடிவை எண்ணுவோர்க்கு வேறொரு தொகை.

ஒருங்குறி எவர் பக்கம் நிற்கிறது? இரண்டு பக்கமும் முழுமையாக இல்லை. உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னுமாக ஒலிக்கும் என்பது நூன்மரபின் கருத்து. ‘கெ’ என்னும் வடிவில் கொம்பு முன்னே நின்றாலும் ஒருங்குறி ககரத்தை முதலிலும் கொம்பைப் பின்னுமாகச் சேமிப்பதால், வரிசையைப் பொறுத்தவரை அது நூன்மரபோடு ஒத்துச்செல்கிறது. ஆனால் அடிப்படை அலகாக அது கொண்டிருப்பது மெய்யை அன்று, அகரமேறிய உயிர்மெய்யை. தூய மெய்யைப் பெற வேண்டுமானால் புள்ளி என்னும் குறியைக் கூட்ட வேண்டும். ஒலியளவில் ‘க’ இரண்டு, ‘க்’ ஒன்று. குறியிட அளவில் ‘க’ ஒன்று, ‘க்’ இரண்டு. இத்தலைகீழ் உறவே பெரும்பாலான குழப்பங்களின் வேர்.

புள்ளி நீங்கிய மெய் தன் உருவிலேயே நின்று அகரத்தோடு ஒலிக்கும், பிற உயிர்களோடு கூடும்போது உருவு திரியும் என்று தொல்காப்பியர் எழுத்தின் வரிவடிவை விளக்கியிருப்பது இவ்விடத்தில் பொருந்திவருகிறது. அவர் விளக்கியது ஏட்டெழுத்தை. ஒருங்குறி சேமிப்பதும் அதனையே. இதன் விளைவாக, தமிழில் மிகுதியாக வழங்கும் உயிர்களுள் ஒன்றான அகரம், தனித்து வரும் இடங்களைத் தவிர, சரத்தில் எங்கும் சேமிக்கப்படுவதில்லை. அது ஒரு குறியின் இன்மையால் மட்டுமே உணரப்படுகிறது. ஒரு பனுவலில் அகரம் எத்தனை முறை பயில்கிறது என ஆராய்பவர், தமக்குப் பின் உயிர்க்குறியோ புள்ளியோ பெறாத மெய்வடிவங்களை எண்ண வேண்டும். வெறும் குறியிடக் கணக்கை நம்பினால் அகரம் அருகியும், எழுத்தே அல்லாத புள்ளி ஓர் எழுத்தாகவும் பட்டியலில் இடம்பெறும்.

யாப்பாய்வில் இரண்டாம் எழுத்து

எழுத்தணுகலில் நேரும் பிழை யாப்பாய்வில்தான் உடனே வெளிப்படுகிறது. எதுகையின் இலக்கணமே இரண்டாம் எழுத்து ஒன்றுவது. முதலெழுத்துகள் அளவொத்து நிற்பதும் வேண்டும். இதனைக் குறியிடத்தின்மேல் ஏற்றினால் விளைவது யாது? ‘பாடு’, ‘கால்’ என்பவற்றில் இரண்டாம் குறியிடம் துணைக்கால். எனவே நிரல் இவற்றை எதுகை என்னும். ‘பட்டு’, ‘படம்’ என்பவற்றில் இரண்டாம் குறியிடம் டகரம், இவையும் எதுகையாகிவிடும். முன்னதில் இரண்டாம் எழுத்து ‘ட்’, பின்னதில் ‘ட’ என்பதை நிரல் அறியாது. மறுபுறம் ‘வெண்மை’, ‘தண்மை’ என்னும் நல்ல எதுகையை அது தவறவிடும். ஒன்றில் இரண்டாவதாக நிற்பது ஒற்றைக்கொம்பு, மற்றொன்றில் ணகரம். இல்லாததைக் காட்டுவதும் உள்ளதை மறைப்பதுமாகிய இருவகைப் பிழையும் ஒருங்கே நிகழ்வதால், தொகைகள் ஒன்றையொன்று ஈடுசெய்து இறுதிப் புள்ளிவிவரம் நம்பத்தக்கதுபோலத் தோன்றவும் கூடும். தொடைநயம் பற்றிய கணினிவழி ஆய்வுகளுக்கு இதனினும் பெரிய இடர் வேறில்லை.

மோனையின் நிலை சற்று வேறு. முதற்குறியிடத்தை மட்டும் ஒப்பிட்டால் ‘வாலாஜா’, ‘விழா’ இரண்டும் வகரத்தில் தொடங்குவனவாகிவிடும். மோனைக்குரிய இனவுயிர்களைக் கணக்கில் கொள்ள வேண்டுமாயின் முதலெழுத்தை எடுத்தால் மட்டும் போதாது; அதனை மெய்யும் உயிருமாகப் பிரித்து உயிரை நோக்க வேண்டும்.

மாலைமாற்று இன்னும் கூர்மையான சான்று. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே அமையும் இவ்வகையில் திருஞானசம்பந்தர் பாடிய பதிகம் மூன்றாம் திருமுறையில் உள்ளது. ‘விகடகவி’ என்னும் எளிய சொல்லையே சோதனைக்கு எடுத்துக்கொள்ளலாம். ஐந்தெழுத்து, ஏழு குறியிடம். குறியிடங்களைத் திருப்பினால் முதலிடத்தில் தனித்த மேல்விலங்கு வந்து நிற்கும். நிரல் ‘இது மாலைமாற்று அன்று’ எனத் தீர்ப்பளிக்கும். வாலாஜாபாத் என்பதை எழுத்தளவில் திருப்பினால் ‘த்பாஜாலாவா’ வரவேண்டும். குறியிட அளவில் திருப்பினால் தலையில் ஒட்ட இடமில்லாத ஒரு புள்ளி, அதனைத் தொடர்ந்து ‘தாபாஜாலாவ’. கால்கள் அனைத்தும் ஓரிடம் பெயர்ந்து, ‘வா’ இழந்த காலைத் தகரம் பெற்றுக்கொள்கிறது.

மாத்திரைக் கணக்கும் இவ்வாறே. வா, லா, ஜா, பா நான்கும் இவ்விரண்டு, ‘த்’ அரை. ஆக எட்டரை மாத்திரை. எழுத்தளவில் சரத்தைப் பிரித்துவிட்டால் இது எளிது. எனினும் எழுத்தைப் பிரித்தவுடன் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. ‘நாடு’, ‘நடு’ இரண்டிலும் இறுதியெழுத்து ‘டு’. முன்னது குற்றியலுகரம், அரை மாத்திரை. பின்னது தனிக்குறிலை அடுத்து வருவதால் முற்றியலுகரம், ஒரு மாத்திரை. இறுதிச் சுட்டெண்ணால் பெற்ற ‘டு’ தன்னளவில் இவ்வேறுபாட்டைச் சொல்லாது. நிரல் அதன் முன்னின்ற எழுத்துகளையும் திரும்பிப் பார்க்க வேண்டும். ஐகாரக் குறுக்கத்துக்கும் இது பொருந்தும். அசை, சீர், தளை, தொடை ஆகியவற்றைக் கண்டறியும் அவலோகிதம் போன்ற யாப்பு மென்பொருள்கள் எழுத்தைப் பிரிப்பதில் தொடங்கி, அதன்மேல் இலக்கண விதிகளை அடுக்கியே இயங்க இயலும்.

புணர்ச்சியும் தேடலும்

யாப்புக்கு உயிர்மெய் ஓரலகாக நிற்பது பொருந்தும். புணர்ச்சிக்கு அது பொருந்தாது. ‘கடல்’ என்பதோடு ‘இல்’ சேர்ந்து ‘கடலில்’ ஆவது ஒலியளவில் வெறும் இணைப்பு: லகர மெய்யின்மேல் இகரம் ஏறுகிறது, எதுவும் கெடவில்லை, திரியவில்லை. குறியிட அளவிலோ புள்ளி நீங்குகிறது. 2951 என்னும் எண்ணுடைய தனி இகரம் 3007 என்னும் மேல்விலங்காக மாறுகிறது. இலக்கணம் இயல்பு என்பதைச் சரம் இரண்டு மாற்றங்களாகப் பதிவுசெய்கிறது. ஆகவே ஒரு பனுவலில் ‘கடல்’ என்று தேடுபவர்க்குக் ‘கடலில்’, ‘கடலை’, ‘கடலுக்கு’ ஆகியன கிடைப்பதில்லை. சொல்லடைவு உருவாக்குவோர் பலரும் பட்டறிந்த இடர்ப்பாடு இது. பனுவலையும் தேடுசொல்லையும் மெய்யும் உயிருமாகப் பிரித்து வைத்துத் தேடினால் ‘கடல்’ அவை அனைத்திலும் முன்னொட்டாக அமைந்து கிடைத்துவிடும். ‘கடலை’ என்னும் பயற்றின் பெயரும் உடன் வரும் என்பது வேறு.

அகரவரிசையிலும் இதன் தாக்கம் உண்டு. அகராதி மரபில் ‘க்’ முன்னும் ‘க’ பின்னும் வருவதால் ‘அக்கா’ முந்தி, ‘அகம்’ பிந்தும். புள்ளியின் எண் மெய்வடிவங்களின் எண்களைவிடப் பெரிதாகையால், குறியிட எண்ணை மட்டும் நோக்கும் வரிசைப்படுத்தல் இதனை மாற்றிவிடும்.

வெட்டப்படும் பெயர்கள்

எழுத்தணுகல் பிழையின் விளைவு ஆய்வேட்டோடு நிற்பதில்லை. வாலாஜாபாத் போலவே அந்நவாபின் பெயரைத் தாங்கிய மற்றோர் ஊர் இராணிப்பேட்டை மாவட்டத்து வாலாஜாபேட்டை. பெயருக்கென 20 பைட்டு ஒதுக்கிய ஒரு தரவுப் புலத்தில் இவ்விரு பெயர்களையும் இட்டால், ஆறு குறியிடங்களுக்குப் பதினெட்டு பைட்டு போக, எஞ்சிய இரண்டில் ஏழாவது குறியிடத்தின் சிதைந்த பகுதியே நிற்கும். இரண்டு ஊரும் ‘வாலாஜா’ ஆகிவிடும். 21 பைட்டு என்றால் இரண்டும் ‘வாலாஜாப’ ஆகும். இருபெயரிலும் இல்லாத ஒரு பகரம் அங்கே தோன்றும். எழுத்தை அலகாகக் கொண்டு நான்கெழுத்து இடம் தந்திருந்தாலே ‘வாலாஜாபா’, ‘வாலாஜாபே’ என ஊர்கள் பிரிந்து நின்றிருக்கும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு எனக் கணக்கிட்டு வகுத்த புலத்தைத் தமிழுக்கு அப்படியே விடுவதால் நேர்வது இது.

பிரிக்கும் நெறியும் எஞ்சும் வினாக்களும்

குறியிட வரிசையை எழுத்து வரிசையாக மாற்றும் அடிப்படை நெறி சிறியது. சரத்தை இடமிருந்து ஒருமுறை கடந்துசெல்லும் நிரல், 3006 முதல் 3021 வரையிலான உயிர்க்குறிகளையோ புள்ளியையோ, 3031 என்னும் ஔகாரத் துணைக்குறியையோ காணுமிடத்து அதனை முந்தைய அலகோடு சேர்க்க வேண்டும்; வேறெதனைக் கண்டாலும் புதிய அலகைத் தொடங்க வேண்டும். பைத்தானுக்கான ஓப்பன்-தமிழ் நிரலகத்தில் சரத்தை எழுத்துகளாகப் பிரிக்கும் செயற்கூறும், எழுத்தை மெய்யும் உயிருமாகப் பிரிக்கும் செயற்கூறும் ஆயத்தமாக உள்ளன. ஒருங்குறியின் 29ஆம் இணைப்பறிக்கை, பயனர் ஓர் எழுத்தாக உணரும் தொகுதிகளைப் பிரிப்பதற்கான பொதுநெறியை வகுத்துள்ளது; அதில் தமிழ் ‘நி’ ஓர் எடுத்துக்காட்டாகவே இடம்பெற்றுள்ளது. ஸ்விஃப்ட் மொழி இந்நெறியையே தன் எழுத்து வரையறையாகக் கொண்டதால் அதில் வாலாஜாபாத்தின் நீளம் ஐந்து எனவே வரும்.

பிரிப்பதற்கு முன் செய்ய வேண்டியது இயல்புவடிவாக்கம். ‘கொ’ என்பதைக் ககரமும் ஓர் ஒகரக்குறியுமாக இரு குறியிடங்களிலும் சேமிக்கலாம். ககரம், ஒற்றைக்கொம்பு, கால் என மூன்றிலும் சேமிக்கலாம். திரையில் வேறுபாடு இல்லை. ஒருங்குறி இவற்றைச் சமம் என்கிறது. சாதாரண ஒப்பீட்டுச் செயற்கூறோ வேறு என்கிறது. பழைய குறிமுறையிலிருந்து மாற்றப்பட்ட கோப்புகளில் இதனை முதலில் சரிபார்ப்பது நன்று.

‘ஔவை’ என்பதன் நிலை இதனினும் கடினம். ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இட்டு ‘ஒளவை’ எனத் தட்டச்சிடுவது பரவலான வழக்கம். கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்று. கணினிக்கு முன்னது மூன்று குறியிடம், இரண்டெழுத்து. பின்னது நான்கு குறியிடம், மூன்றெழுத்து. இயல்புவடிவாக்கம் இதனைத் திருத்தாது. எல்லா ‘ஒள’வையும் ‘ஔ’வாக்கிவிடலாம் என்றால் ‘ஒளி’யும் ‘ஒளவியம்’ போன்ற பிழைவடிவும் ஒரே கத்தரியில் சிக்கும். ளகரத்தின்பின் உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாத இடங்களை மட்டும் நிரல் பட்டியலிட்டுத் தர, பதிப்பாசிரியர் நோக்கி முடிவுசெய்வதே தகும்.

கிரந்தக் கூட்டெழுத்துகளில் ஒருமித்த கருத்து இல்லை. ‘க்ஷ’ மூன்று குறியிடம், ‘ஸ்ரீ’ நான்கு. தேவநாகரி, வங்காளம், தெலுங்கு, மலையாளம் உள்ளிட்ட சில எழுத்துகளின் கூட்டெழுத்துகளை ஒரே தொகுதியாகக் கொள்ளும் விதி 2023இல் வந்த ஒருங்குறி 15.1 பதிப்பில் சேர்க்கப்பட்டது. தமிழ் அதில் இல்லை. மெய்யும் உயிர்மெய்யும் தனித்தனியே நிற்பது தமிழின் இயல்பாகையால் அம்முடிவு பொதுவாகச் சரியே. அதன் பயனாகக் ‘க்ஷ’ இரண்டு தொகுதிகளாகப் பிரிகிறது. அதனை ஓரெழுத்தாக எண்ணும் அட்டவணையைப் பின்பற்றுவோர் தம் நிரலில் தனிவிதி சேர்க்க வேண்டும். சேர்த்ததைக் கட்டுரையில் குறிப்பிடவும் வேண்டும்.

ஆய்தம் இன்னொரு வகை. 2947ஆம் இடத்தில் தனித்த குறியிடமாக அது இருப்பதால் ‘அஃது’ என்பதைப் பிரிப்பதில் இடரில்லை: அ, ஃ, து. இக்காலத்தில் ஆங்கில ஒலிக்காகப் பகரத்தின் முன் இடப்படும் ஆய்தமோ இலக்கணம் கூறிய ஆய்தம் அன்று. குற்றெழுத்தை அடுத்து வல்லின உயிர்மெய்க்கு முன் நிற்கும் இயல்பும் அதற்கில்லை. மொழிமுதலிலும் வந்து, பகரத்தோடு சேர்ந்து ஒரே ஒலியாக ஒலிக்கிறது. அதனை ஓரெழுத்தெனக் கொள்பவர்க்கும் ஈரெழுத்தெனக் கொள்பவர்க்கும் அதற்குப் பின்வரும் எழுத்துகளின் சுட்டெண்கள் அனைத்தும் ஒன்று மாறுபடும். தமிழிலக்கண அறிஞர் இதில் ஒரு முடிவைச் சொல்லும்வரை, நிரலாளர் தத்தம் விருப்பப்படியே எண்ணிக்கொண்டிருப்பர்.